முகமில்லாத உறை

அந்த இசைத்தட்டு வெறும் பழுப்புத்தாள் உறையில் வந்தது.
பெயர் மட்டும்: டெல்லா ஸ்டிடம்.
லவீனியாவின் சிகையலங்காரக் கடையில்
நாளைக்கு இருபது தரம் சுழன்றது.
தலையில் சூட்டுச்சீப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே
பெண்கள் அந்தக் குரலுக்கு ஜாதகம் கணித்தார்கள்.
மிசிசிப்பிக்காரி, சந்தேகமே இல்லை.
அம்மா ஊர்த்துணி வெளுத்திருப்பாள்.
சிகாகோவுக்கு ரயிலேறிய புருஷன்
திரும்பியிருக்க மாட்டான்.
'நம்ம பிள்ளை' என்றாள் லவீனியா,
சீப்பை ஊதி ஆற்றியபடி.

நான் மேஃபீல்ட் அரங்கில் ஆர்கன் வாசிப்பவன்.
சட்டனூகா, அறுபத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்ட்.
சனிக்கிழமை ஆறு மணிக்குப் பின்வாசலில்
தகரப்பெட்டியோடு ஒருத்தி நின்றாள்:
வைக்கோல் முடி, மூக்கெல்லாம் புள்ளி,
வெயிலில் சிவந்த கழுத்து.
காவலாளி க்ளீவன் தொப்பியைக் கழற்றி
'வழி தவறிட்டீங்கம்மா, ரயிலடி அந்தப் பக்கம்' என்றான்.
'எட்டு மணிக்கு நான்தான் பாடணும்.'
தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள
அவன் மறந்தே போனான்.

முதலாளி ஐடெல் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.
டிக்கெட் விற்ற பணம் ஏற்கெனவே
இறைச்சிக்கடைக் கடனுக்குப் போயிருந்தது.
'பாடு' என்றாள்.

திரை விலகியது.
சவ அடக்கக் கம்பெனி இலவசமாகத் தந்த அட்டை விசிறிகள்
அறுநூறும் ஒரே சமயத்தில் நின்றன.
பின்வரிசையில் எவனோ சிரித்தான்.
என் விரல் முதல் சுரத்தில் தேவைக்கு மேல் தங்கியது.
பயந்தேன், ஒத்துக்கொள்கிறேன்,
அவளுக்காக அல்ல, என் சனிக்கிழமைச் சம்பளத்துக்காக.

அவள் கண்ணை மூடவில்லை.
வெளியே போகும் வழி என்ற சிவப்பு விளக்கைப் பார்த்தபடி
வாயைத் திறந்தாள்.

அதை எப்படிச் சொல்ல?
சரளைக்கல்லில் இழுபடும் கட்டில்.
பிறகு, அந்தக் கட்டிலில்
யாரோ எழுந்து உட்கார்வது.

இரண்டாம் அடி முடிகிற இடத்தில்
மூன்றாம் வரிசையிலிருந்து லவீனியா
'ம்ம்' என்றாள்.
எங்கள் அரங்கில் கைதட்டலைக் கடனுக்குக்கூடத் தருவார்கள்;
அந்த 'ம்ம்' ரொக்கம்.
விசிறிகள் மெல்ல அசைந்தன, இம்முறை தாளத்தில்.

கலைந்து போகையில் லவீனியா சொன்னாள்:
'மிசிசிப்பியை விட்டுத் தர்றேன்.
துணி வெளுத்த அம்மாவை மட்டும் விட மாட்டேன்.'

பின்கட்டில் கேட்டேன், எங்கே கற்றாய் என்று.
'கத்துக்கலை. பள்ளியிலே, கோயிலிலே எல்லாம்
இதை மறைக்கத்தான் கத்துக்கொடுத்தாங்க.'
சோடா பாட்டிலை நெற்றியில் உருட்டிக்கொண்டாள்.
நம்பினேன். கோபமும் வந்தது.
மறைத்தது போதும் என்று இவள் நினைத்த நாளில்
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
ஒரு கம்பெனி இருந்திருக்கிறதே.

மழை. ரயிலடி ஓட்டல் வரை
அவள் பெட்டியை நான்தான் சுமந்தேன்.
கண்ணாடிக் கதவருகே என் கால் தானாக நின்றது,
கயிற்றின் நீளம் தெரிந்த மாடு போல.
உள்ளே நாலடி போன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.
அவளுக்குப் புரிந்துவிட்டது.
ஏதோ சொல்ல வந்தாள். அந்தத் தொண்டையில்
அதற்கு மட்டும் குரல் இல்லை.
பெட்டியைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வந்தேன்.

என் சித்தி மகன் தாடியஸைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
மலைக்காரன் மாதிரி பாடுவான், மூக்கால், இழுத்து இழுத்து,
குதிரையையும் தனிமையையும் பற்றி.
மூன்று மாநில வானொலிகள் அவனைப் போட்டன,
உறையில் அவன் முகத்தை அச்சடிக்கும் வரை.
நாற்பது பெட்டி திரும்பி வந்தது.
சித்தி வீட்டுச் சமையலறை ஜன்னலில்
உடைந்த கண்ணாடிக்குப் பதில்
அவன் சிரிப்பை ஒட்டிவைத்திருக்கிறாள்.
காற்றடித்தால் படபடக்கும்.

ஈரச் சட்டையோடு நடந்தேன்.
முணுமுணுத்தது டெல்லாவின் பாட்டைத்தான்;
வாயில் வந்ததோ தாடியஸின் இழுப்பு.
யார் பாடுவதென்று
ஜன்னல் திறந்து பார்க்க
அந்தத் தெருவில் ஒருவரும் விழித்திருக்கவில்லை.